தமிழில் சொன்ன சாட்சியம் நீதிமன்றப் பதிவில் எப்படி ஏறுகிறது?

சாட்சிக் கூண்டில் நின்று ஒருவர் தமிழில் பேசுகிறார். வழக்கு முடிந்து கோப்பைத் திறந்து பார்த்தால், அவர் பேசிய தமிழ் அதில் ஒரு வரிகூட இருக்காது. மொழிபெயர்ப்பாளர் சொன்ன மலாய் அல்லது ஆங்கில வாசகம்தான் இருக்கும். மேல்முறையீடு என்று வந்தால், மேல்நிலை நீதிபதிகள் படிப்பதும் அந்த வாசகத்தைத்தான்.

வாய்ச்சொல் எழுத்தாக மாறும் இந்த வேலையில் பலருடைய கை இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர், குறிப்பெடுக்கும் நீதிபதி, ஒலிப்பதிவைக் கவனிக்கும் நீதிமன்ற ஊழியர், பிறகு அதைக் கேட்டுத் தட்டெழுதுபவர் என்று ஒவ்வொருவரையும் கடந்துதான் சாட்சியம் கோப்புக்குள் போகிறது. நீதிமன்றப் படி ஏறும் நம்மவர்கள் இந்த நடைமுறையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பதிவில் இருப்பதே சாட்சியம்

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ செஷன்ஸ் நீதிமன்றத்திலோ தீர்ப்பு சாதகமாக அமையாவிட்டால் உயர் நீதிமன்றத்திற்கு மேல்முறையீடு செய்யலாம். அங்கே சாட்சிகளை மீண்டும் அழைத்து முதலிலிருந்து விசாரிப்பது வழக்கமில்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவானவற்றை வைத்தே வாதம் நடக்கும்.

சாட்சியத்தின் எழுத்து வடிவத்தை மலாயில் 'நோத்தா கெதெராங்ஙான்' என்பார்கள். தமிழில் சாட்சியக் குறிப்பு எனலாம். இதனுடன் குற்றச்சாட்டு, தீர்ப்புக்கான காரணங்கள், பி1, டி1 என்று எண்ணிடப்பட்ட சான்றுப் பொருள்களின் விவரம் முதலியவை சேர்ந்து 'ரெக்கோட் ராயுவான்' எனப்படும் மேல்முறையீட்டுப் பதிவாகிறது.

சாட்சியக் குறிப்பில் இல்லாத ஒன்றை, "எங்கள் கட்சிக்காரர் அன்றைக்கே இதைச் சொன்னார்" என்று மேல்முறையீட்டில் வாதிடுவது கடினம். குறிப்பு காணாமல் போனாலோ முக்கியமான பகுதி விடுபட்டிருந்தாலோ, வழக்கையே மறுபடி விசாரிக்க வேண்டிய நிலைகூட வரலாம். அதற்குள் சாட்சிகள் இடம் மாறியிருப்பார்கள், சிலர் இறந்திருப்பார்கள், நினைவும் மங்கியிருக்கும்.

நீதிபதியின் பேனா

நம் நாட்டு நீதிமன்றங்களில் நெடுங்காலமாகச் சாட்சியத்தைக் குறித்துக்கொண்டவர் நீதிபதியேதான். சாட்சி பேசப் பேச அவர் கையால் எழுதுவார். எழுதி முடிக்கும்வரை வழக்குரைஞர் அடுத்த கேள்வியைக் கேட்காமல் காத்திருப்பார். நீதிபதியின் பேனா நின்றதா என்று பார்த்துக்கொண்டு கேள்வி கேள் என்பது மூத்த வழக்குரைஞர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்களில் ஒன்று.

இந்த முறையில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, வேகம். ஒரு சாட்சியை விசாரித்து முடிக்கவே பல நாள் பிடிக்கும். இரண்டாவது, எழுதப்பட்டது சாரம் மட்டுமே. கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரே வாக்கியமாகப் பதிவாகும். சாட்சி தயங்கினாரா, முதலில் ஒன்றைச் சொல்லிப் பிறகு திருத்திக்கொண்டாரா என்பதெல்லாம் நீதிபதி குறித்தால்தான் உண்டு.

தமிழ் பேசும் சாட்சிக்கு மூன்றாவது குறை ஒன்றும் இருந்தது. அவருடைய சொந்தச் சொற்கள் எங்கும் பதிவாகவில்லை. மொழிபெயர்ப்பில் தவறு நேர்ந்திருந்தாலும் பிறகு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

சிஆர்டி வந்த பிறகு

2008 முதல் 2011 வரை துன் ஸாக்கி அஸ்மி நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தார். தேங்கிக் கிடந்த வழக்குகளைக் குறைக்க அவர் காலத்தில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் மின்னியல் நீதிமன்றத் திட்டமும் ஒன்று. சிஆர்டி எனப்படும் நீதிமன்றப் பதிவு, எழுத்துப்படி முறை அந்தத் திட்டத்தின் பகுதியாக வந்தது.

இந்த முறையில் நீதிபதி, சாட்சி, வழக்குரைஞர்கள் ஆகியோர் முன் ஒலிவாங்கிகள் இருக்கும். கேமராக்களும் பொருத்தப்பட்டிருக்கும். விசாரணை முழுவதும் ஒலி, ஒளி வடிவில் பதிவாகும். தேவைப்படும்போது அந்தப் பதிவைக் கேட்டு எழுத்தில் தட்டெழுதுவார்கள். அப்படித் தயாராவதே எழுத்துப்படி.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 25ஏ அத்தியாயம், இப்படி இயந்திரம் வழி விசாரணையைப் பதிவு செய்ய இடம் தருகிறது. இதனால் நீதிபதிகள் குறிப்பெடுப்பதை விட்டுவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். கையாலோ கணினியிலோ தங்களுக்கான குறிப்பை எடுக்கும் நீதிபதிகள் இருக்கிறார்கள். கருவி பழுதாகும் நாளில் அந்தக் குறிப்புதான் கை கொடுக்கும்.

தமிழ் பேசும் சாட்சிக்கு இந்த மாற்றம் பெரியது. மொழிபெயர்ப்பாளரின் மலாய் வாசகத்தோடு சாட்சியின் தமிழ்க் குரலும் இப்போது பதிவில் இருக்கிறது. எழுத்துப்படியில் பொதுவாக மொழிபெயர்ப்பு மட்டுமே இடம்பெற்றாலும், ஐயம் வரும்போது மூல ஒலியைக் கேட்டுச் சரிபார்க்க வழி உண்டு. ஆனால் யாராவது கேட்டால்தான் அந்த வழி திறக்கும்.

மற்ற நாடுகளில்

அமெரிக்க நீதிமன்றங்களில் இன்றும் சுருக்கெழுத்து இயந்திரத்தோடு அமர்ந்திருக்கும் பதிவாளர்களைக் காணலாம். அந்த இயந்திரத்தில் ஏறத்தாழ 22 விசைகளே உண்டு. பல விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தி ஒரு முழு அசையை எழுதிவிடுவார்கள். அங்குள்ள தேசியச் சங்கத்தின் சான்றிதழைப் பெற, கேள்வி பதில் வடிவச் சாட்சியத்தை நிமிடத்திற்கு 225 சொற்கள் வேகத்தில் 95 விழுக்காடு துல்லியத்துடன் எடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1837இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட ஒலிவழிச் சுருக்கெழுத்து முறை உலகெங்கும் பரவியது. நீதிமன்றம், நாடாளுமன்றம், செய்தித்தாள் அலுவலகம் என்று எல்லா இடங்களிலும் அது பயன்பட்டது. அதே இங்கிலாந்தின் கிரவுன் நீதிமன்றங்களில் 2012இல் மின்னியல் ஒலிப்பதிவு வந்து சுருக்கெழுத்தர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மலேசியாவில் நீதிமன்றச் சுருக்கெழுத்தர்கள் ஒரு பெரிய தொழில் பிரிவாக வளரவில்லை. நீதிபதியின் கையெழுத்திலிருந்து நாம் ஏறக்குறைய நேராக ஒலிப்பதிவுக்கு வந்துவிட்டோம்.

எழுத்துப்படி தயாரிப்பவரின் வேலை

காதில் ஒலிக்கருவி, கண் முன் திரை, காலடியில் பதிவை நிறுத்தவும் பின்னோக்கி ஓட்டவும் ஒரு மிதி. எழுத்துப்படி தயாரிப்பவரின் பணியிடம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒலி தெளிவாக இருந்தால் ஒரு மணி நேரப் பதிவைத் தட்டெழுத ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும் என்பது இத்தொழிலின் பொதுவான கணக்கு. ஒரே நேரத்தில் இருவர் பேசினாலோ, மின்விசிறிச் சத்தம் குறுக்கிட்டாலோ, சாட்சி ஒலிவாங்கியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ இன்னும் அதிகமாகும்.

கேட்டதைக் கேட்டபடி எழுதுவதே இந்த வேலையின் முதல் விதி. சாட்சியின் இலக்கணத்தைத் திருத்தக் கூடாது. அரைகுறையாக விட்ட வாக்கியத்தை முடித்து வைக்கக் கூடாது. யார் பேசியது என்பதை ஒவ்வொரு வரியிலும் குறிக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஊகித்து எழுதாமல், தெளிவில்லை என்று குறித்துவிட்டு அந்த நேரத்தையும் போட வேண்டும். 'பதினைந்து' என்பது 'ஐந்து' என்று விழுந்தால் கடன் வழக்கின் தொகையே மாறிவிடும்.

பேசியவரை அடையாளம் காண்பதும் எளிதல்ல. சாட்சி தமிழில் பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொல்கிறார், அதற்குள் தமிழ் தெரிந்த வழக்குரைஞர் ஏதோ குறுக்கிடுகிறார், நீதிபதி ஆங்கிலத்தில் கேட்கிறார். ஒரே நிமிடத்தில் மூன்று மொழி, நான்கு குரல். தமிழ் தெரியாத ஒருவர் இதைக் கேட்டு எழுதும்போது தமிழ்ப் பகுதியைத் தாண்டி மொழிபெயர்ப்பை மட்டும் எழுதுவார். அவர்மேல் குறை சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பு சரியா என்று பார்ப்பது அவர் பொறுப்புமல்ல.

நீதிமன்றத்திற்கு வெளியிலும் இந்தத் தொழில் நடக்கிறது. நடுவர் மன்ற விசாரணைகள், அரச விசாரணை ஆணையங்கள், நிறுவனங்களின் உள் விசாரணைகள் ஆகியவற்றுக்குத் தனியார் எழுத்துப்படிச் சேவைகள் பயன்படுகின்றன. பேச்சை எழுத்தாக மாற்றும் கணினி மென்பொருள்களும் வந்துவிட்டன. ஆனால் நம் பேச்சில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். இதில் மென்பொருள் எளிதில் தடுமாறும். கேட்டுச் சரிபார்க்க மனிதக் காது இன்னும் தேவைப்படுகிறது.

நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்

1963/67ஆம் ஆண்டு தேசிய மொழிச் சட்டங்களின்படி நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழியில் நடக்க வேண்டும். நீதியின் நலன் கருதி ஆங்கிலத்தையும் பயன்படுத்த நீதிமன்றம் அனுமதிக்கலாம். சாட்சி சொல்பவர் தமக்குத் தெரிந்த மொழியில் பேசலாம். அதை நீதிமன்றத்தின் மொழிக்கு மாற்றித் தருபவரே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். 'ஜூருபஹாசா' என்று சொன்னால் நீதிமன்ற வளாகத்தில் யாரும் காட்டிவிடுவார்கள்.

குற்றவியல் வழக்கில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் ஒருவர் சாட்சியம் அளித்தால், அதை அவருக்குப் புரியும் மொழியில் திறந்த நீதிமன்றத்தில் விளக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 270ஆவது பிரிவு இதைப் பற்றியது.

மலேசிய நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளரின் வேலை மொழிபெயர்ப்போடு முடிவதில்லை. வழக்கு எண்ணைக் கூப்பிடுவது, குற்றச்சாட்டை வாசிப்பது, சாட்சிக்கு உறுதிமொழி செய்து வைப்பது, சான்றுப் பொருள்களுக்கு எண்ணிடுவது, கோப்புகளைப் பார்த்துக்கொள்வது என்று பலவும் அவர் தலையில் விழும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேறொரு நீதிமன்ற அறையில் இருப்பதால் வழக்கு சற்று நேரம் காத்திருப்பதும் உண்டு.

நல்ல மொழிபெயர்ப்பாளர் சாட்சியின் வாயாகவே பேசுவார். சாட்சி "நான் பார்த்தேன்" என்றால் அவரும் "நான் பார்த்தேன்" என்றே சொல்வார். "அவர் பார்த்ததாகச் சொல்கிறார்" என்று சொல்ல மாட்டார். இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் எழுத்துப்படியில் 'அவர்' என்பது சாட்சியா, சாட்சி குறிப்பிட்ட வேறொருவரா என்ற குழப்பம் வரக் காரணமே இதுதான்.

சொல் எங்கே தடம் மாறுகிறது?

நம் பேச்சு வழக்கில் சில இடங்கள் மொழிபெயர்ப்பில் அடிக்கடி இடறும். அவற்றைத் தெரிந்துகொண்டால் சாட்சி சொல்பவரே கவனமாகப் பேசலாம்.

தோட்டத்தில் "காலையில வெட்டுக்குப் போனேன்" என்றால் பால்மரம் வெட்டப் போனேன் என்று பொருள். மலாயில் 'மெனோரே' என்று வர வேண்டும். தோட்ட வாழ்க்கை தெரியாத நகரத்து மொழிபெயர்ப்பாளர் 'மெமோத்தோங்' என்று சொல்லிவிட்டால், வெறுமனே எதையோ வெட்டப் போனதாகப் பதிவாகும். அடிதடி வழக்கில் கையில் கத்தி இருந்த காரணத்தை விளக்கும் ஒருவருக்கு இது விளையாட்டான வேறுபாடல்ல.

தூரம் சொல்வதும் அப்படித்தான். "நாலு நிரை தள்ளி நின்னாரு", "கூப்பிடு தூரந்தான்" என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் விளங்கும். பதிவில் அது எத்தனை அடி, எத்தனை மீட்டர் என்ற கேள்வியாக மாறும். இருட்டில் ஆளை அடையாளம் கண்டதாகச் சொல்லும் சாட்சியின் நம்பகத்தன்மையே அந்தத் தூரத்தில்தான் நிற்கும்.

நேரமும் குழப்பும். "நேத்து ராத்திரி ரெண்டு மணி" என்று நாம் சொல்வது, காலண்டர் கணக்குப்படி இன்று அதிகாலை 2 மணி. குற்றச்சாட்டில் 5ஆம் தேதி என்று இருக்க, சாட்சி 4ஆம் தேதி இரவு என்று சொன்னால் குறுக்கு விசாரணையில் அதுவே முரண்பாடாகக் காட்டப்படும்.

உறவுப் பெயர்களில் 'மாமா' என்பது தாயின் சகோதரராக இருக்கலாம், மனைவியின் தந்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பெரியவராகவும் இருக்கலாம். 'அண்ணன்' என்று நாம் அழைப்பவர் எல்லாம் உடன்பிறந்தவர் ஆகமாட்டார். சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இரத்த உறவு உண்டா என்பது சாட்சியத்தின் எடையையே மாற்றக்கூடியது.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது 'ஆமாம்' என்ற ஒரே சொல். "நீங்கள் அவரைப் பார்க்கவில்லை, அப்படித்தானே?" என்ற கேள்விக்கு நாம் "ஆமாங்க" என்றால், பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறோம். மொழிபெயர்ப்பில் வெறும் 'யா' என்று மட்டும் வந்தால் பார்த்ததாகவும் கொள்ளலாம், பார்க்கவில்லை என்றும் கொள்ளலாம். "ஆமாங்க, நான் பார்க்கல" என்று முழுதாகச் சொன்னால் ஐயத்திற்கு இடமில்லை.

இன்னொன்று, தலையசைப்பு. நாம் பக்கவாட்டில் தலையை ஆட்டுவது சம்மதம். அதே அசைவைப் பிறர் மறுப்பாகப் புரிந்துகொள்ளலாம். ஒலிப்பதிவிலோ அது விழவே விழாது. "இவ்ளோ பெரிய கட்டை" என்று கையை விரித்துக் காட்டுவதும், "இங்கதான் அடிச்சாரு" என்று தோளைத் தொட்டுக் காட்டுவதும் எழுத்துப்படியில் வெறும் 'இவ்வளவு', 'இங்கே' என்றே நிற்கும். அனுபவமுள்ள வழக்குரைஞர் உடனே, "சாட்சி தமது இடது தோளைக் காட்டுகிறார்" என்று பதிவுக்காகச் சொல்லி வைப்பார்.

குற்றச்சாட்டு வாசிக்கப்படும் நேரம்

வழக்கின் மிக முக்கியமான சில நிமிடங்கள் சாட்சிகள் வருவதற்கு முன்பே முடிந்துவிடுவதுண்டு. குற்றச்சாட்டை வாசித்து, விளக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா இல்லையா என்று கேட்கும் நேரம் அது.

ஒருவர் ஒப்புக்கொண்டால், அதன் தன்மையும் விளைவும் அவருக்குப் புரிந்திருக்கிறதா, எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறாரா என்பதைத் தண்டனைக்கு முன் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு இதை வலியுறுத்துகிறது.

"ஒத்துக்கிறேங்க, ஆனா அவர்தான் முதல்ல அடிச்சாரு" என்று ஒருவர் சொன்னால் அது நிபந்தனையில்லாத ஒப்புதல் ஆகாது. அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வந்தது மொழிபெயர்க்கப்பட்டதா என்பதில் ஒருவரின் சிறைவாசமே அடங்கியிருக்கலாம். "ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று வெளியில் யாரோ சொன்னதை நம்பித் தலையாட்டுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விளங்கவில்லை என்றால் "விளங்கலைங்க, தமிழ்ல சொல்லுங்க" என்று அந்த நேரத்திலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவும் பதிவாகும்.

போலீஸ் வாக்குமூலமும் முரண்பாடும்

நீதிமன்றப் பதிவுக்கு முன்பே போலீஸ் நிலையத்தில் ஒரு பதிவு உண்டாகிவிடுகிறது. 112ஆவது பிரிவின் கீழ் விசாரணை அதிகாரி எடுக்கும் வாக்குமூலம் பெரும்பாலும் மலாயில் எழுதப்படும். அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. வாக்குமூலத்தை, அதைக் கொடுத்தவர் பேசிய மொழியிலேயே அவருக்கு வாசித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்பளித்து, பிறகே கையொப்பமோ கைரேகையோ பெற வேண்டும்.

மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் சாட்சி வேறு விதமாகச் சொன்னால், 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் கீழ் அந்தப் பழைய வாக்குமூலத்தைக் காட்டிக் குறுக்கு விசாரணை செய்யலாம். "அன்று இப்படிச் சொன்னீர்கள், இன்று அப்படிச் சொல்கிறீர்கள், எது உண்மை?" என்ற கேள்விக்கு, "அன்னிக்கு என்ன எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று பதில் சொல்லும் நிலை வரக் கூடாது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது உரிமை. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

சிவில் வழக்குகளிலும் இதே கவனம் தேவை. அங்கே சாட்சியின் முதல் விசாரணை பெரும்பாலும் முன்கூட்டியே எழுதித் தரும் சாட்சி அறிக்கையாக இருக்கும். வழக்குரைஞர் அலுவலகத்தில் ஆங்கிலத்திலோ மலாயிலோ தயாரான அறிக்கையை, தமிழில் வரிவரியாக விளக்கிக் கேட்ட பிறகே ஒப்பமிட வேண்டும். தம்முடைய அறிக்கையில் என்ன இருக்கிறது என்று தெரியாத சாட்சி, எதிர்த்தரப்பின் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறிவிடுவார்.

பிள்ளைகளுக்கான ஏற்பாடு

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சாட்சி சொல்ல நேர்ந்தால், 2007ஆம் ஆண்டு சிறார் சாட்சியச் சட்டம் சில சலுகைகளைத் தருகிறது. குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி தடுப்புத் திரை, வேறு அறையிலிருந்து நேரலை வழி சாட்சியம், முன்பே எடுத்த ஒளிப்பதிவைப் பயன்படுத்துதல் ஆகியவை அவற்றில் சில. பிள்ளை பயந்து தாழ்ந்த குரலில் பேசினால் பதிவில் ஒன்றும் விழாமல் போகும். ஆகவே இந்த ஏற்பாடுகளைப் பற்றிப் பெற்றோர் முன்கூட்டியே அரசுத் தரப்பு துணை வழக்கறிஞரிடம் கேட்டு வைப்பது நல்லது.

சாட்சி சொல்லப் போகிறவர்கள் கவனத்திற்கு

1. தமிழில்தான் சரளமாகப் பேச முடியும் என்றால் அதை முன்கூட்டியே வழக்குரைஞரிடமோ விசாரணை அதிகாரியிடமோ சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும். பாசாரில் பேசும் மலாய் போதும் என்று கூண்டில் ஏறிவிட வேண்டாம்.

2. வாக்கியத்தைச் சுருக்கமாகப் பேசி நிறுத்துங்கள். மொழிபெயர்த்து முடித்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசினால் மொழிபெயர்ப்பாளர் சாரத்தைத்தான் சொல்ல முடியும்.

3. தலையாட்டாமல் வாயால் பதில் சொல்லுங்கள். வெறும் 'ஆமாம்', 'இல்லை' என்பதோடு விடாமல் எதற்கு ஆமாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

4. ஆளைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். 'அவன்', 'அந்த ஆளு' என்று சொல்லிக்கொண்டே போனால் யாரைச் சொல்கிறீர்கள் என்பது பதிவில் தெரியாது.

5. கேள்வி புரியாவிட்டால் மீண்டும் கேட்கச் சொல்லுங்கள். ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொன்னதும் சாட்சியமாகவே பதிவாகும்.

6. மலாய் ஓரளவு புரிந்து, மொழிபெயர்ப்பு தவறு என்று தோன்றினால் அங்கேயே மரியாதையாகச் சொல்லுங்கள். "ஐயா, நான் அப்படிச் சொல்லலைங்க" என்றால் போதும். வழக்குரைஞரும் உடனே ஆட்சேபிக்கலாம்.

7. கைப்பேசியில் நீங்களாகப் பதிவு செய்யாதீர்கள். அனுமதியின்றி நீதிமன்ற நடவடிக்கையைப் பதிவு செய்வது நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படலாம்.

பதிவைப் பெறுவதும் உதவி தேடுவதும்

குற்றவியல் வழக்கில் மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய விரும்பினால், தீர்ப்பு நாளிலிருந்து 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும். சாட்சியக் குறிப்பு கைக்கு வரட்டும், பிறகு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அறிவிப்பு முதலில், குறிப்பு பிறகு.

சாட்சியக் குறிப்பு, ஒலிப்பதிவின் நகல் ஆகியவற்றுக்கு வழக்கு நடந்த நீதிமன்றப் பதிவகத்தில் வழக்கு எண்ணோடு விண்ணப்பிக்க வேண்டும். கையில் கிடைத்ததும் தமிழும் மலாயும் தெரிந்த ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள். பெயர், தேதி, தொகை, தூரம், உறவு ஆகிய ஐந்தையும் முதலில் சரிபார்ப்பது நல்ல வழி.

வழக்குரைஞரை அமர்த்த வசதி இல்லாதவர்களுக்கு மூன்று இடங்களில் உதவி கிடைக்கிறது. ஒன்று, 1971ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் இயங்கும் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை. இரண்டு, 2012 முதல் குற்றவியல் வழக்குகளில் உதவி வரும் ஒய்பிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம். மூன்று, மாநிலந்தோறும் வழக்குரைஞர் மன்றம் நடத்தும் சட்ட உதவி மையங்கள். தகுதி, வருமான வரம்பு பற்றி அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தொழில்

தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கற்ற நம் பிள்ளைகளிடம் இந்தத் துறைக்கு வேண்டிய மூன்று மொழிகளும் ஏற்கெனவே இருக்கின்றன. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பணி அரசாங்கப் பணி. காலியிடங்களைப் பொதுச் சேவை ஆணையத்தின் அறிவிப்புகளில் கவனித்து வரலாம். எழுத்துப்படிச் சேவைக்கு வேகமான தட்டெழுத்து, பொறுமை, இரகசியம் காக்கும் பண்பு ஆகியவை தேவை.

மேடைத் தமிழ் மட்டும் தெரிந்தால் இந்த வேலைக்குப் போதாது. நிரை என்றால் என்ன, வெட்டுக் கத்தி எப்படி இருக்கும், லயத்து வீட்டில் கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்தவர் மொழிபெயர்க்கும்போது சாட்சியின் சொல் சிதையாமல் போய்ச் சேரும். தோட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு அது தனியாகப் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பில் தவறு நேர்ந்ததாக ஐயம் இருந்தால் அன்றைய விசாரணை முடிந்து வெளியே வந்த உடனே வழக்குரைஞரிடம் சொல்லுங்கள். எந்த நாள், ஏறக்குறைய எந்த நேரம், எந்தக் கேள்வி என்று குறித்துக் கொடுங்கள். ஒலிப்பதிவில் அந்த இடத்தைத் தேடி எடுக்க அது உதவும். தீர்ப்பு வந்து பல மாதம் கழித்து முதன்முறையாகச் சொல்லப்படும் குறைக்கு வலு குறைவு. சாட்சி பேசிய தமிழ் பதிவில் இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்க்கும்படி உரிய நேரத்தில் கேட்டுக்கொள்ள வேண்டியவர் சாட்சி சொன்னவரும் அவருடைய வழக்குரைஞரும்தான்.